ஏப்ரல் லீவு

ஏப்ரல் 9
கிளினிக். சின்னவளுக்கு 18 மாச ஊசி. எடை 8.4. கார்டுல கோடு இளம்பச்சைலதான் ஓடுது, ஆனா ஆரஞ்சுக்கு மேல ஒரு விரக்கடை கூட இல்ல. மிட்வைஃப் மிஸ் ஒண்ணும் சொல்லல. சொல்லாததுதான் பயமா இருக்கு.

ஏப்ரல் 10
ராத்திரி முழுக்க காய்ச்சல். மத்தியானம் பெரியவன் லீவு விட்டு வந்து பேக்கை இஸ்தோப்புல வீசிட்டு கதவு நிலையில முதுகை ஒட்டி நின்னுக்கிட்டான், அளந்தாதான் சோறாம். ஜனவரி கோட்டுக்கு மேல ரெண்டு சென்டிமீட்டர். காய்ச்சலோட சின்னவளும் வந்து நின்னா, குதிகாலைத் தூக்கிக்கிட்டு, கள்ளி.

ஏப்ரல் 11
பின்கதவு இறுகுது. ஈரத்துக்கு பலகை ஊதியிருக்கும்.

ஏப்ரல் 12
மத்தியானம் ரெண்டு மணிக்கு இடி, நாலு மணி வரைக்கும் மழை, ரெண்டையும் காம்பராவுக்குள்ள வச்சிக்கிட்டு நான் பட்ட பாடு. டித்வா புயலுக்குப் பொறவு மண்சரிவு வருமான்னு மண்ணைப் பாக்க வந்தவங்க சொன்னது மண்டையில இருந்து போக மாட்டேங்குது, கதவு இறுகும், மரம் சாயும், ஊத்துத் தண்ணி திடீர்னு கலங்கும், தரை வெடிக்கும்னு. 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் பேஞ்சா மஞ்சள் எச்சரிக்கை, 100னா செம்மஞ்சள், 150னா சிவப்பு. மில்லிமீட்டரை நான் எங்க போயி அளக்க. பழைய பால்மா டின்னை வாசல்ல வச்சேன். பெரியவன் ஸ்கேலை விட்டுப் பாத்து 22ன்னு கத்துறான். அத்தை கொழுந்து மலையில இருந்து நனைஞ்சு வந்து சிரிக்கிறாங்க, நாங்க பாக்காத மழையான்னு. நவம்பர்ல கோயில்ல படுத்தப்ப அவங்கதான் மொத ஆளா அழுதாங்க, அதை நான் சொல்லல.

ஏப்ரல் 13
அவரு பஸ்ல. நுவரெலியா சீசனுக்குப் போற காருங்க, ஹட்டன்லயே ரெண்டு மணி நேரம் நிக்குதாம்.

ஏப்ரல் 14
மருத்துநீர் வச்சு குளிச்சு, பாச்சோறு, கைவிசேஷம் எல்லாம் ஆச்சு. சின்னவ அப்பாவைப் பாத்து அத்தை சேலைக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டா. வீடியோ கால்ல முத்தம் குடுக்குற புள்ள! போன்ல இருக்குற ஆளுக்கு கால் இருக்கும்னு தெரியாது போல. அவரு சிரிச்சாரு, பொறவு வெறகு பிளக்கப் போயிட்டாரு.
பாச்சோறு ரெண்டு கரண்டி சாப்பிட்டா.

ஏப்ரல் 16
பின்கதவை அவரு இழைச்சுக் குடுத்தாரு. இப்ப நல்லா மூடுது. இனி அது இறுகுனா எனக்கு எப்புடித் தெரியும்?

ஏப்ரல் 17
இன்னிக்குத்தான் அவ அவருகிட்ட போனா. இன்னிக்குத்தான் அவரு கொழும்புக்குப் போறாரு.

ஏப்ரல் 18
பெரியவன் எல்லாத்தையும் அளக்குறான். பூனை, தேத்தண்ணி கோப்பை, தங்கச்சி பாதம் (11). சாயந்தரம் ஓடி வந்து "அம்மா தண்ணிக் கான்கிட்ட இருக்குற கோடு 4 சென்டிமீட்டர்"னு சொன்னான். எந்தக் கோடுடான்னேன். கையைப் புடிச்சு கூட்டிட்டுப் போயி காட்டுனான். நான் பாத்துட்டு இருந்த வெடிப்பு குசினிக்குப் பின்னால. இது வேற.
அதுக்குப் பேனாவால தேதி வேற எழுதி கல்லு வச்சிருக்கான், கதவு நிலையில நாங்க எழுதுற மாதிரியே. வளருதான்னு பாக்கவாம்.

ஏப்ரல் 19
காலையில இருந்து விடவே இல்ல. மத்தியானம் டின்னுல 41. ஆறு மணிக்கு 68.
கரண்ட் இல்ல.
எட்டரைக்கு 83. கிளினிக் கார்ட், பொறப்பு சர்டிபிகேட், ஸ்வெட்டர், திரிபோஷ சத்துமா பாக்கெட் எல்லாம் ஸ்கூல் பேக்ல. அத்தை ஒண்ணும் பேசாம சாமி படத்தைக் கழட்டுறாங்க. சின்னவ தூங்குறா, தூக்குனா கனக்குறா, நெசமாவே கனக்குறா. கோயில் பக்கம் டோர்ச் வெளிச்சம் தெரியுது, மேல் லயத்து ஆளுங்களா இருக்கும். ஸ்கேலைக் காணோம்னு பெரியவன்