தனி ஆவர்த்தனத்துக்கு வந்த வேன்

மார்கழியில் சென்னை சபாக்களில் முன்வரிசைக்குச் சொல்கிற காசைக் கேட்டாலே நமக்கு ஸ்ருதி விலகிவிடும். டெல்டாக்காரனுக்கு அந்தக் கவலை இல்லை. 1847இல் தியாகராஜர் சமாதியான திருவையாற்றில் ஆராதனைப் பந்தலுக்குள் சும்மாவே போய் உட்காரலாம், மற்ற மாதங்களுக்கு இருக்கவே இருக்கிறது இசைக் கல்லூரி மாணவர் கச்சேரி. நுழைவு இலவசம், மின்விசிறியும் உண்டு (சுற்றும் என்று நான் சொல்லவில்லை).

போன மாதம் இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு கச்சேரி. பாடிய பெண்ணுக்கு நல்ல சாரீரம். கரகரப்பிரியா ராகத்தை எடுக்கப் போகிற நேரம் பார்த்து ஒரு வேன் கூட்டம் உள்ளே வந்தது. பாட்டி, சித்தப்பா, அத்தை, கைக்குழந்தை, தூக்கு நிறைய புளியோதரை. மிருதங்கம் வாசிக்கிற பையனின் சொந்தங்களாம். பையன் இடது பக்கத் தோலில் பிசைந்த ரவையை அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "திங்கிற பண்டத்தை ஏன்டா அதுல அப்புறான்?" என்று பாட்டி கேட்டது மேடை வரைக்கும் கேட்டது.

அந்தப் பெண் ஸ்வரத்தை ஒரு வழியாகச் சமத்தில், அதாவது தாளம் தொடங்குகிற இடத்தில், கொண்டுவந்து போட்டதும் முன்வரிசையில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த ஆசிரியருக்கு மூச்சு வந்தது. அப்புறம் தனி. பாட்டு நின்று மிருதங்கம் மட்டும் பேசுகிற தனி ஆவர்த்தனம் என்றால் ரசிகர்கள் டீ குடிக்கப் போவது நம் ஊரில் எழுதாத சட்டம், நானும் எழுந்தேன்.

பாட்டி காலை மடக்கவே இல்லை. "எங்க புள்ள வாசிக்கிறப்ப எங்க தம்பி எந்திரிக்கிறீங்க?"

உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பக்கம் சித்தப்பா வாசலையே அடைத்துக்கொண்டு நின்றதால் மொத்த ஹாலும் சிறைப்பட்டுத் தனி கேட்டது. பையன் நன்றாகவே வாசித்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும், டீக்கடைக்குப் போயிருந்தால் அது தெரிந்திருக்காது. தனியை முடிக்கிற சொற்கட்டான கோர்வையை 3 தடவை வாசிப்பார்களே, முதல் தடவை முடிந்ததுமே சொந்தங்கள் கை தட்டிவிட்டார்கள். பையன் நெளிந்தான். இரண்டாவதுக்கும் தட்டினார்கள். மூன்றாவது முடிந்து ஹாலே தட்டியபோது, இன்னும் பாக்கி இருக்கும் என்று உஷாராகி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தனி முடிந்தது தெரிந்ததும் தூக்கோடு கிளம்பிவிட்டார்கள். ஆனால் பையன் கிளம்ப முடியாதே, துக்கடா என்கிற கடைசிச் சின்னப் பாட்டுகள் பாக்கி, திருப்புகழ் பாக்கி. வெளியே வேன்காரர் ஹாரன் அடிக்கத் தொடங்கினார். சௌராஷ்டிர ராகத்தில் மங்களம் வந்தபோது காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், கொஞ்சம் ஓடியது, அது பாடின பெண்ணின் வேலை இல்லை என்று மட்டும் சொல்வேன்.