மானியம் போய்ச் சேருமிடம்

லண்டனில் ஒரு கவுன்சிலில், கட்டட அனுமதி கொடுக்கும் பிளானிங் பிரிவில் வேலை என்று சொன்னதும் நம்மவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணை, வீட்டைப் பின்பக்கத்தால எத்தினை மீற்றர் இழுக்கலாம்?" வரிசை வீடென்றால் பிளானிங் அனுமதி கேட்காமலே 3 மீற்றர், தனிவீடென்றால் 4 என்று கோவில் வாசலிலும் கலியாண மண்டபத்திலும் சொல்லிச் சொல்லி எனக்கு அது பாடமாகிவிட்டது. உண்மையில் நான் எக்ஸ்டென்ஷன் விண்ணப்பங்களைத் தொட்டு வருடக்கணக்காகிறது. என் மேசைக்கு வருபவை இருநூறு, முந்நூறு ஃபிளாட் கட்டக் கேட்கும் டெவலப்பர்களின் வயபிலிட்டி அறிக்கைகள். கட்டி விற்றால் இவ்வளவு வரும், கட்ட இவ்வளவு செலவு, ஆகையால் கவுன்சில் கேட்கும் குறைந்த வாடகை வீடுகள் இத்தனைதான் தரலாம் என்று கணக்குக் காட்டும் எக்செல் தாள்கள். பல தாள்களின் முடிவு, ஒன்றுமே தரமுடியாது என்பதுதான்.

பாராளுமன்றத்தில் வீட்டுப் பிரச்சினை விவாதத்துக்கு வரும் நாட்களில் எங்கள் பிரிவில் யாராவது ஒருவரின் இரண்டாவது திரையில் அது ஓடிக்கொண்டிருக்கும். 2025 மார்ச் 24 அன்று, பிளானிங் மற்றும் உட்கட்டமைப்பு மசோதாவின் இரண்டாம் வாசிப்பையும் அப்படித்தான் பார்த்தோம். அப்போதைய வீடமைப்பு அமைச்சர் அஞ்சலா ரெய்னர் தொடக்கிவைத்தார். (அதே ஆண்டு செப்டெம்பரில், தான் வாங்கிய ஃபிளாட்டுக்கு முத்திரை வரி குறைத்துக் கட்டிய விவகாரத்தில் அவரே பதவி விலகவேண்டி வந்தது.) இந்தப் பாராளுமன்றக் காலத்துக்குள் 15 இலட்சம் வீடுகள் என்பது தொழிற்கட்சியின் வாக்குறுதி. பிளானிங் முறைதான் குறுக்கே நிற்கிறது என்றது அரசாங்கப் பக்கம். உள்ளூர் மக்களின் வாயை அடைக்கிறீர்கள், பசுமை நிலத்தைத் தின்னப்போகிறீர்கள் என்றது எதிர்ப்பக்கம். இரண்டு பக்கத்துக்கும் கைக்கு எட்டிய குற்றவாளி நாங்கள். பெரிய விண்ணப்பத்துக்கு 13 வாரத்தில் முடிவு சொல்லவேண்டும் என்பது விதி. எங்கள் பிரிவில் காலியாக இருக்கும் கதிரைகளை ஒருமுறை வந்து எண்ணிப் பார்த்தால் அந்த 13 வாரம் ஏன் இழுபடுகிறது என்று விளங்கும். சரி, அது வேறு கதை.

அந்த விவாதத்தில் என் காதுக்கு எட்டாமல் போனது ஒரு சின்ன விடயம். நிலத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள்? நான் பார்க்கும் ஒவ்வொரு தாளிலும் நிலவிலைக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. பெஞ்ச்மார்க் லாண்ட் வேல்யூ என்று பெயர், அதாவது நிலக்காரர் விற்க முன்வரும் குறைந்த விலை. சண்டையெல்லாம் கடைசியில் அங்கேதான் போய் முட்டும்.

உதாரணமாக ஒரு கணக்குச் சொல்கிறேன். எல்லா ஃபிளாட்டும் விற்றால் 100 மில்லியன் பவுண் வரும் என்று வையுங்கள். கட்டட வேலை, ஆர்க்கிடெக்ட், வங்கி வட்டி எல்லாம் சேர்த்து 68 மில்லியன். டெவலப்பரின் லாபம் விற்பனைப் பெறுமதியில் 17.5 வீதம், அதாவது 17.5 மில்லியன். மிச்சம் 14.5 மில்லியன். நிலக்காரர் விற்க முன்வரும் குறைந்த விலை 12 மில்லியன் என்றால் கையில் 2.5 மில்லியன் நிற்கிறது. 1990ஆம் ஆண்டுப் பிளானிங் சட்டத்தின் 106ஆம் பிரிவில் ஒப்பந்தம் எழுதி, அந்தத் தொகையை சமூக வாடகை வீடுகளாகக் கேட்கலாம். இப்போது லாபக் கட்டத்தில் 17.5ஐ அழித்து 20 என்று அடியுங்கள். அந்த 2.5 மில்லியன் போய்விட்டது, வீடுகளும் போய்விட்டன. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. 15 முதல் 20 வீதம் வரை பொருத்தமான லாபம் என்று அரசாங்க வழிகாட்டியே சொல்கிறது.

லாபத்தை விட்டால் விற்பனை விலையில் பிடிப்பார்கள். ஒரு நிறுவனம் சதுர அடிக்கு 710 பவுண்தான் கிடைக்கும் என்று அறிக்கை தந்திருந்தது. நான் ஒரு சனிக்கிழமை அவர்களுடைய விற்பனைக் கூடத்துக்குப் போனேன். காப்பி தந்து, பளபளவென்ற புத்தகமும் தந்தார்கள். அடுத்த தெருவில் அவர்களே கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் விலைப்பட்டியல் அது. அடி 800க்கு மேல். அதைக் கூட்டத்துக்கு எடுத்துப்போய் மேசையில் வைத்தேன். அவர்களின் ஆலோசகர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, இது கேட்கும் விலை, விற்ற விலை வேறு என்றார். அப்படியானால் விற்ற விலையைக் காட்டுங்கள் என்றோம். லாண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிவாக இன்னும் காலமெடுக்கும் என்றார். மத்தியானம் வரை இழுத்து 745இல் வந்து நின்றோம். ஒரு மாடிக்குச் சமூக வாடகை வீடுகள் கிடைத்தன. மீன் சந்தையிலும் இப்படித்தான் முடியும், ஆனால் அங்கே மீன் கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

நிலவிலைக் கட்டத்துக்கு வருவோம். இஸ்லிங்டனில் பார்க்ஹர்ஸ்ட் வீதியில், பாதுகாப்பு அமைச்சின் பழைய தொண்டர் படைக் காணி ஒன்றை 2013இல் ஒரு டெவலப்பர் 13.25 மில்லியன் பவுணுக்கு வாங்கினார். பிறகு, இவ்வளவு கொடுத்து வாங்கிவிட்டோம், கவுன்சில் கேட்கும் அளவுக்குக் குறைந்த வாடகை வீடுகள் கட்டுப்படியாகாது என்று வாதாடினார்கள். கவுன்சில் விடவில்லை. எங்கள் கொள்கை என்னவென்று தெரிந்துதானே வாங்கினீர்கள், அதைக் கணக்கில் எடுக்காமல் அதிகம் கொடுத்தது உங்கள் பிழை என்றது. 2018இல் உயர்நீதிமன்றம் கவுன்சில் பக்கம் தீர்ப்பளித்தது. என் வேலையில் இந்தத் தீர்ப்பைப்போல உதவிய காகிதம் வேறில்லை. ஏனென்றால் அதற்கு முன்னர் வாதம் வட்டமாகவே ஓடியது. குறைந்த வாடகை வீடுகளைத் தட்டிக்கழிக்கலாம் என்ற நம்பிக்கையில் ஒருவர் கூடுதல் விலை கொடுப்பார். அந்த விலை அடுத்த காணிக்குச் சந்தை ஆதாரமாகும். அடுத்தவர் அதைக் காட்டி இன்னும் தட்டிக்கழிப்பார். 2018க்கு முன்னர் பல அறிக்கைகளைப் பொதுமக்களுக்குக் காட்டக்கூட மாட்டார்கள். முக்கியமான எண்கள் கறுப்பு மையால் அடித்திருக்கும். அந்த ஆண்டு வந்த தேசியக் கொள்கைதான் அவற்றை வெளியே வைக்கச் சொன்னது.

அனுமதியால் ஏறும் நில மதிப்பு யாருக்குச் சேரவேண்டும் என்பதை இந்த நாடு ஒருமுறை நேராகவே கேட்டிருக்கிறது. 1947ஆம் ஆண்டுப் பிளானிங் சட்டம் அந்த ஏற்றம் முழுவதும் அரசுக்கு என்று 100 வீத வரி விதித்தது. விற்று என்ன பயன் என்று நிலக்காரர்கள் காணிகளைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள். 1950களின் தொடக்கத்தில் கன்சர்வேட்டிவ் அரசு அந்த வரியை எடுத்துவிட்டது. அதன் பிறகு வந்தவர்கள் பெரும்பாலும் கேள்வியைச் சுற்றிச் சுற்றித்தான் நடக்கிறார்கள்.

மானியத்தின் கதையும் இதோடு ஒட்டியதுதான். 2013இல் அப்போதைய நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ன் ஹெல்ப் டு பை திட்டத்தை அறிவித்தபோது நம் பிள்ளைகள் பலர் மகிழ்ந்தார்கள். 5 வீத டெப்பாசிட் போதும், வீட்டு விலையில் 20 வீதத்தை அரசாங்கம் கடனாகத் தரும், லண்டனில் 2016 முதல் 40 வீதம். புதிய வீட்டுக்கு மட்டும். அதாவது டெவலப்பரிடமிருந்து மட்டும். வாங்கியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பேர் இந்த உதவி இல்லாமலும் ஒரு வீடு வாங்கியிருக்கக்கூடியவர்கள் என்று தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2019இல் கண்டது. தேவை அதிகமான இடங்களில் மானியத்தின் பெறுமதியைவிடக் கூடுதலாக விலை ஏறியது என்று பிரபுக்கள் சபைக் குழு 2022 ஜனவரியில் எழுதியது. வீடு கட்டி விற்கும் பெர்சிமன் நிறுவனம் அந்தக் காலத்தில் விற்ற வீடுகளில் ஏறக்குறைய பாதி இந்தத் திட்டத்தின்கீழ் போனவை. அதன் தலைமை நிர்வாகிக்குக் கிடைத்த போனஸ் ஏறக்குறைய 75 மில்லியன் பவுண்; அது பெரும் சர்ச்சையாகி 2018இல் அவர் பதவியை விட்டுப் போனார். பத்திரிகைகள் அவரைத்தான் திட்டின. காணியை விற்றுவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அனுமதி கிடைத்தாலும் கட்டுவார்களா என்பது இன்னொரு கதை. கன்சர்வேட்டிவ் எம்.பி.யாக இருந்த ஒலிவர் லெட்வின் 2018இல் அரசாங்கத்துக்குத் தந்த ஆய்வு அதை வெளிச்சமாகச் சொல்லிவிட்டது: பெரிய தளங்களில், அக்கம்பக்கத்து விலை விழாத வேகத்தில்தான் வீடுகளை இறக்குவார்கள். அதில் சதி எதுவும் இல்லை. நிலத்தை இன்றைய விலையை நம்பி வாங்கியிருக்கிறார்கள், வேகமாகக் கட்டி அந்த விலையை அவர்களே விழுத்துவார்களா? அனுமதிகளைக் குவித்தால் விலை இறங்கும் என்று அமைச்சர்கள் சொல்லும்போது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும்.

இத்தனையும் சொன்னதால் டெவலப்பர்கள் எப்போதும் நாடகம் ஆடுகிறார்கள் என்று நினைக்கவேண்டாம். கடந்த இரண்டு மூன்று வருடங்களாக என் மேசைக்கு வரும் தாள்கள் உண்மையிலேயே சிவப்புத்தான். வட்டி ஏறியது, கட்டடச் செலவு ஏறியது, உயரமான கட்டடங்களின் கோப்புகள் கட்டடப் பாதுகாப்பு ஒழுங்குபடுத்துநரிடம் மாதக்கணக்கில் முடங்கின. லண்டனில் 2023-24இல் மேயரின் நிதியோடு தொடங்கிய குறைந்த விலை வீடுகள் 2,358 மட்டுமே. ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதிக்கு 2024இல் நம்மவரான உமா குமரன் எம்.பி.யாகத் தெரிவான பிறகு என் வீட்டிலும் பொதுச்சபை விவாதங்களைப் பார்க்கிறார்கள். அந்தத் தொகுதியின் ஒரு பகுதி நியூஹாமுக்குள் வருகிறது. இங்கிலாந்திலேயே மிக அதிக வீதமான குடும்பங்கள் தற்காலிக இருப்பிடங்களில் வாழ்வது அங்கேதான். கோபுரங்கள் எழும்பும் அதே தெருக்களில். மனைவி கேட்டார், "இவ்வளவு கட்டுறாங்கள், பிறகேன் சனம் ஹோட்டல் அறையில கிடக்குது?" தேநீர் ஆறும் வரை விளக்கினேன். அவருக்கு விளங்கியது, நியாயமாகப் படவில்லை.

2025 ஒக்டோபரில் வீடமைப்பு அமைச்சர் ஸ்டீவ் ரீடும் மேயர் சாதிக் கானும் லண்டனுக்கு ஒரு தற்காலிக வழியை அறிவித்தார்கள். வயபிலிட்டி அறிக்கை இல்லாமல் வேகமாகப் போக 2017 முதல் 35 வீதம் குறைந்த விலை வீடுகள் தரவேண்டியிருந்தது; இனி 20 போதும். கவுன்சிலுக்குக் கட்டவேண்டிய உட்கட்டமைப்பு வரியிலும் பெரிய கழிவு. எதிர்பார்த்ததுதான், அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே பழைய அனுமதிகளைத் திரும்பத் திறக்கலாமா என்று கேட்டு மின்னஞ்சல்கள் வந்தன. அவற்றில் சில நியாயமானவை. 20 வீதம் கட்டி முடிந்தால் 35 வீதம் காகிதத்தில் கிடப்பதைவிட மேல். எனக்குள்ள பயம், இன்னும் வாங்கப்படாத காணிகளைப் பற்றியது. தற்காலிகம் நீளும் என்று நிலக்காரர்களின் ஏஜென்டுகள் நம்பத் தொடங்கினால் அந்த 15 வீதமும் கேட்கும் விலையில் ஏறிவிடும். பிறகு 35க்குத் திரும்பும்போது, இவ்வளவு கொடுத்து வாங்கிவிட்டோமே என்ற பழைய பாட்டு மறுபடி தொடங்கும்.

அதனால் இப்போது முதல் கூட்டத்திலேயே ஒரு கேள்வியை எழுதிக் கேட்கிறேன். காணியை எப்போது, என்ன விலைக்கு ஒப்பந்தம் செய்தீர்கள், சலுகை வந்த பிறகு அந்த விலையைக் குறைத்துப் பேசினீர்களா? பதில் சொல்லும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை. சிலர் சொல்கிறார்கள். ஒருவர் மட்டும், குறைத்துப் பேசினோம், நிலக்காரர் சம்மதித்தார் என்று கடிதத்தையே காட்டினார். அந்தத் திட்டத்தில் 24 வீதத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் கவுன்சிலின் பிளானிங் குழுவுக்குப் போகிறது.