ஆனர்ஸா, பிசிகல் சயின்ஸா? டெல்லியில் பி.எஸ்ஸி. சேரும்முன் போட வேண்டிய பேப்பர் கணக்கு

தமிழ்நாட்டில் படித்த அப்பா அம்மாவுக்கு டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டியலைப் பார்த்ததும் தலை சுற்றும். ஊரில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் என்றால் பிசிக்ஸ் மேஜர், மேத்ஸும் கெமிஸ்ட்ரியும் அலைடு, அவ்வளவுதான். இங்கே பிசிக்ஸ் ஆனர்ஸ் என்று ஒன்று, ‘பிசிகல் சயின்ஸ் வித் கெமிஸ்ட்ரி’ என்று ஒன்று, அதிலேயே ‘வித் கம்ப்யூட்டர் சயின்ஸ்’ என்று இன்னொன்று. பல கல்லூரிகளில் எல்லாமே ஒரே கட்டடத்தில், ஒரே லேபில், அதே ஆசிரியர்களிடம்தான் நடக்கும். ஆனால் ஆனர்ஸ் உசத்தி, மற்றது கட் ஆஃப் எட்டாதவர்கள் சேருவது என்ற பேச்சு கரோல் பாக் முதல் மயூர் விஹார் வரை உண்டு. அந்தப் பேச்சைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, மேஜர்–அலைடு கணக்கையும் மறந்துவிட்டு, பேப்பர்களை எண்ணிப் பாருங்கள்.

2022 முதல் நடப்பிலுள்ள பாடத்திட்டத்தில் ஒரு செமஸ்டருக்கு 22 கிரெடிட். அதில் 12 கிரெடிட் முதன்மைப் பாடத்துக்கு, அதாவது தலா 4 கிரெடிட்டில் மூன்று பேப்பர். இவற்றை டி.எஸ்.சி. என்பார்கள். பிசிக்ஸ் ஆனர்ஸில் இந்த மூன்றும் பிசிக்ஸ்தான். பிசிகல் சயின்ஸில் பிசிக்ஸ் ஒன்று, மேத்ஸ் ஒன்று, மூன்றாவது கெமிஸ்ட்ரியோ கம்ப்யூட்டர் சயின்ஸோ. ஆறு செமஸ்டருக்குப் பெருக்குங்கள்: ஆனர்ஸ்காரருக்கு 18 பிசிக்ஸ் பேப்பர், பிசிகல் சயின்ஸ்காரருக்கு 6. மூன்றாம் செமஸ்டரிலிருந்து வரும் விருப்பப் பேப்பர்களையும் பிசிக்ஸிலேயே எடுத்தால் 6 என்பது 10 வரை போகலாம். அதற்குமேல் மூன்று ஆண்டில் வழியில்லை. பட்டத்தின் பெயரில் ‘வித்’ என்று இருப்பதைப் பார்த்து, பிசிக்ஸ் முழுசாக இருக்கும், கெமிஸ்ட்ரி கொசுறாக வரும் என்று நினைத்துச் சேருகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மூன்றும் சரிபங்கு.

இந்த வித்தியாசம் முதல் செமஸ்டரிலேயே தெரிந்துவிடும். ஆனர்ஸில் மெக்கானிக்ஸ், வேவ்ஸ் அண்ட் ஆசிலேஷன்ஸ், மேத்தமெட்டிக்கல் பிசிக்ஸ் மூன்றும் ஒன்றாக வருகின்றன. பிசிகல் சயின்ஸில் பிசிக்ஸ் பக்கத்திலிருந்து மெக்கானிக்ஸ் மட்டும். இதில் கண்ணுக்குப் படாமல் போவது மேத்தமெட்டிக்கல் பிசிக்ஸ். வெக்டர் கால்குலஸும் டிஃபரன்ஷியல் ஈக்வேஷனும் அங்கே பிசிக்ஸ் கணக்குகளோடு சேர்ந்தே கைக்கு வரும். லேபில் அதே கணக்குகளுக்கு பைத்தான் நிரல் எழுத வேண்டும். பிசிகல் சயின்ஸிலும் மேத்ஸ் உண்டு, ஆனால் அதை நடத்துவது மேத்ஸ் துறை, மேத்ஸ் முறையில். அந்தக் கால்குலஸை எலெக்ட்ரோ மேக்னெட்டிசத்தில் எங்கே பொருத்துவது என்பதை மாணவர் தானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பின்னால் எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் நுழைவுத் தேர்வில் பிசிகல் சயின்ஸ்காரர்கள் திணறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பிசிக்ஸ் தெரியாமல் இல்லை, கணக்கைப் பிசிக்ஸாகப் பார்க்கும் பழக்கம் விழவில்லை.

அப்படியானால் பிசிகல் சயின்ஸ் எதற்கு என்று கேட்டால், அதற்கும் கணக்கு இருக்கிறது. கேந்திரிய வித்யாலயாவில் டி.ஜி.டி., அதாவது பயிற்சி பெற்ற பட்டதாரி ஆசிரியர், மேத்ஸ் பணிக்கான தகுதியைப் பாருங்கள். பட்டப் படிப்பில் மேத்ஸும், அதோடு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இவற்றில் இரண்டும் இருக்க வேண்டும். பிசிகல் சயின்ஸ் இதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. டி.ஜி.டி. சயின்ஸுக்குக் கேட்பது பாட்டனி, ஜுவாலஜி, கெமிஸ்ட்ரி. பிசிகல் சயின்ஸ் போலவே டெல்லியில் இருக்கும் லைஃப் சயின்சஸ் படிப்பில் இருப்பதும் அதே மூன்றுதான். ஜுவாலஜி ஆனர்ஸ் முடித்துவிட்டு பி.எட். சேரப் போகும்போது மற்ற இரண்டும் போதுமான அளவு இல்லையே என்று கையைப் பிசைவது வருடா வருடம் நடக்கிறது. பள்ளி ஆசிரியர் வேலை குறியாக இருந்தால், இந்த ஒரு விஷயத்தில் அகலமான பட்டம் ஆழமானதை அடித்துவிடும்.

மறுபக்கம், பிசிக்ஸ் ஆனர்ஸ் போன்றவற்றைவிடவும் குறுகிய பட்டங்கள் இருக்கின்றன: மைக்ரோபயாலஜி, பயோமெடிக்கல் சயின்ஸ், பாலிமர் சயின்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன். பெயர் புதிதாக இருப்பதால் வேலை நிச்சயம் என்று தோன்றும். சேருமுன் ஒரு சோதனை செய்யுங்கள். இந்திய வனப் பணித் தேர்வின் அறிவிக்கையை எடுத்துத் தகுதிப் பத்தியைப் படியுங்கள். கால்நடை மருத்துவம், பாட்டனி, கெமிஸ்ட்ரி, ஜியாலஜி, மேத்ஸ், பிசிக்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஜுவாலஜி இவற்றில் ஒன்றாவது பட்டப் பாடமாக இருக்க வேண்டும், அல்லது விவசாயம், வனவியல், பொறியியல் பட்டம் இருக்க வேண்டும். மைக்ரோபயாலஜி அந்தப் பட்டியலில் இல்லை. எட்டாம் வகுப்பிலிருந்தே காடு, புலி என்று பேசுகிற பிள்ளை, ‘எல்லாம் பயாலஜிதானே’ என்று மைக்ரோபயாலஜியில் சேர்ந்தால் அந்தக் கதவு அன்றைக்கே சாத்திக்கொள்கிறது. பிள்ளைக்கு ஆர்வம் எதில் என்று கேட்பதோடு நிற்காமல், ஐந்து வருடம் கழித்து எழுத நினைக்கும் நான்கைந்து தேர்வுகளின் அறிவிக்கைகளை இப்போதே இறக்கி, ‘கல்வித் தகுதி’ என்ற ஒரு பத்தியை மட்டும் அடிக்கோடிட்டு வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

ஆராய்ச்சிப் பக்கம் போகிறவர்களுக்கு, ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேருவதற்கான ஜாம் நுழைவுத் தேர்வு முக்கியம். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். பிசிக்ஸ் தாளை எந்தப் பட்டக்காரரும் எழுதலாம் போலத் தோன்றும். ஆனால் இடம் தருவது அந்தந்த ஐ.ஐ.டி., அவை தனித்தனியாகத் தகுதி வைக்கின்றன: பிசிக்ஸ் எத்தனை செமஸ்டர், மேத்ஸ் எத்தனை செமஸ்டர் என்று. பிசிகல் சயின்ஸில் இரண்டும் ஆறு செமஸ்டரும் வருவதால் தகுதியில் பெரும்பாலும் இடிக்காது. இடிப்பது தாளில்தான். சீனியர்களின் கேள்வித்தாள் ஒன்றை வாங்கி, எத்தனை கேள்வி உங்கள் ஆறு பேப்பருக்குள் அடங்குகிறது என்று பென்சிலால் டிக் போட்டுப் பார்த்தால் மீதியை எங்கே படிக்க வேண்டும் என்பது விளங்கும்.

‘இப்போதைக்கு அகலமாகப் படிப்போம், பிறகு ஒன்றில் இறங்கலாம்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. நியாயமான ஆசை, ஆனால் பிசிகல் சயின்ஸ் அதற்காகச் செய்த படிப்பு அல்ல. பெங்களூரு ஐ.ஐ.எஸ்ஸி.யின் நான்காண்டு பி.எஸ். படிப்பில் முதல் மூன்று செமஸ்டர் எல்லோருக்கும் பொது, பிறகுதான் மேஜர். ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டு பி.எஸ்.–எம்.எஸ். படிப்பும் பொதுவில் தொடங்கிப் பிறகு குவியும். டெல்லியின் பிசிகல் சயின்ஸ் முதல் செமஸ்டரில் எவ்வளவு அகலமோ ஆறாவதிலும் அவ்வளவே அகலம். முதலில் விரிந்து பிறகு குவிய வேண்டும் என்பதுதான் விருப்பமென்றால், ஐசர் நுழைவுத் தேர்வையும் சேர்த்து எழுதுவதுதான் வழி.

இனி விண்ணப்பம். முதல் பிழை நடப்பது பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி மாதங்களில், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான கியூட்டின் படிவத்தில். ஐந்து பேப்பர் வரை எழுதலாம். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், 50 கேள்வி, சரியான விடைக்கு 5, தவறுக்கு ஒன்று கழியும். பிசிக்ஸ் ஆனர்ஸுக்கும் ‘பிசிகல் சயின்ஸ் வித் கெமிஸ்ட்ரி’க்கும் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் மதிப்பெண்தான் தரவரிசைக்கு. ஆனால் கூடவே ஒரு மொழித் தாள் எழுதி, சமீப ஆண்டுகளின் விதிப்படி அதில் 30 சதவீதமாவது எடுத்திருக்க வேண்டும். தரவரிசைக்குச் சேராது என்பதால் மொழித் தாளையே விட்டுவிட்டு, பி.சி.எம்.மில் நல்ல மதிப்பெண்ணோடு வெளியே நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் பன்னிரண்டு வரை தமிழ் எடுத்தவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்காத பாடத்தைக் கியூட்டில் எழுத இடம் கொடுத்தாலும் டெல்லிப் பல்கலைக்கழகம் அதை ஏற்பதில்லை. தேர்வு நடத்துவது ஒருவர், சேர்க்கை கொடுப்பது இன்னொருவர். இரண்டு கையேட்டையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும், அலுப்புத்தான்.

மதிப்பெண் வந்த பிறகு பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தளத்தில் விருப்ப வரிசை. இங்கே ஒவ்வொரு வரியும் ஒரு படிப்பும் ஒரு கல்லூரியும் சேர்ந்தது. ஹிந்து கல்லூரியில் பிசிகல் சயின்ஸ் மேலேயா, தௌலா குவானில் ஏ.ஆர்.எஸ்.டி. கல்லூரியில் பிசிக்ஸ் ஆனர்ஸ் மேலேயா என்ற சண்டை வீட்டில் நடப்பது இந்த இரண்டு வாரத்தில்தான். எங்கள் கருத்து இது: எம்.எஸ்ஸி. பிசிக்ஸ், பிஎச்.டி. என்று எண்ணம் இருந்தால் படிப்பை முதலில் வையுங்கள். எல்லா ஆனர்ஸ் வரிகளும் முடிந்த பிறகு பிசிகல் சயின்ஸ். அரசுத் தேர்வு, ஆசிரியர் பணி, எம்.சி.ஏ., எம்.பி.ஏ. என்றால் கல்லூரியை முதலில் வையுங்கள். பேர்பெற்ற கல்லூரியில் ‘வித் கம்ப்யூட்டர் சயின்ஸ்’ கிடைத்தால் நல்லது. இரண்டையும் கலந்து ஒரு வரிசை போடுவதுதான் மோசம். அதில் என்ன விழும் என்று உங்களுக்கே தெரியாது. சென்னையிலிருந்து மாமா போனில் சொன்ன கல்லூரிப் பெயரை மரியாதைக்காக முதல் வரியில் வைப்பதும் இந்தக் கலப்படத்தில் சேர்த்தி.

ஏனென்றால் ஒரு சுற்றில் இடம் கிடைத்து ஏற்றுக்கொண்ட பிறகு, இதுவே போதும் என்று ‘ஃப்ரீஸ்’ செய்யலாம் அல்லது ‘அப்கிரேட்’ கேட்கலாம். அப்கிரேட் கேட்டால், உங்கள் பட்டியலில் அதற்கு மேலுள்ள எது திறந்தாலும் தானாக அங்கே மாற்றிவிடும். பழைய இடம் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. ஆனர்ஸ் இடம் கையில் இருக்க, பேருக்காக மேலே வைத்திருந்த பிசிகல் சயின்ஸுக்கு மாறிப்போனவர்கள் அழுதது இதனால்தான். மேலே வைத்த ஒவ்வொரு வரியையும் ‘இது வந்தால் நாளைக்கே போய்ச் சேருவோமா?’ என்று கேட்டு வையுங்கள். இன்னொன்று: கொடுத்த இடத்தைக் குறித்த நேரத்துக்குள் ஏற்கவில்லை என்றால் அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்பது கிடையாது, ஆட்டத்தை விட்டே வெளியே. சேர்ந்த பிறகு கல்லூரிக்குள் படிப்பை மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

தினசரிப் போக்குவரத்தும் இதில் சேரும். தியரி ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி, லேப் ஒரு கிரெடிட்டுக்கு இரண்டு மணி. எல்லாம் கூட்டினால் வாரம் முப்பது மணி நேரத்தை ஒட்டி வரும், லேப் நாட்களில் மாலை இருட்டும்வரை இழுக்கும். மயூர் விஹாரிலிருந்து வடக்கு வளாகத்துக்கு ப்ளூ லைனில் ஏறி ராஜீவ் சவுக்கில் மஞ்சள் லைனுக்கு மாற வேண்டும். அந்த நெரிசலைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். தெற்கு வளாகத்துக்கு பிங்க் லைன் நேராகப் போகிறது. மூன்று வருடம் தினமும் என்பதை நினைத்துத்தான் வரிசையில் இரண்டு இடம் மேலே கீழே நகர்த்த வேண்டும்.

சேர்ந்த முதல் வாரம் ஜி.இ. எனப்படும் பொது விருப்பப் பேப்பரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஆனர்ஸில் சேர்ந்தவர்கள் தங்கள் பட்டத்தை அகலமாக்கும் கருவி இதுதான், அதை வேடிக்கையாக எடுத்துவிடுகிறார்கள். மதிப்பெண் சுலபமாக வரும் என்று செமஸ்டருக்கு ஒரு துறையில் ஜி.இ. எடுத்தால் கடைசியில் உதிரிப் பேப்பர்கள்தான் மிஞ்சும். ஒரே துறையில் 28 கிரெடிட், அதாவது ஏழு பேப்பர் சேர்ந்தால் அது ‘மைனர்’, அதாவது துணைப் பாடம், ஆகும். செமஸ்டருக்கு ஒன்று வீதம் மூன்று ஆண்டில் ஆறுதான் முடியும், ஏழாவது நான்காம் ஆண்டில். ஆகவே மேத்ஸ் மைனர் வேண்டுமானால் முதல் செமஸ்டரிலேயே மேத்ஸ் ஜி.இ. எடுத்தாக வேண்டும். சிக்கல் என்னவென்றால், சிறிய கல்லூரிகளில் நீங்கள் கேட்கும் ஜி.இ. நடக்காமல் போகலாம், அல்லது உங்கள் லேப் நேரத்தோடு மோதலாம். சேருவதற்கு முன்பே அந்தக் கல்லூரியின் சென்ற ஆண்டு கால அட்டவணையைத் தளத்தில் தேடிப் பாருங்கள். சேர்ந்த பிறகு முதல் இரண்டு நாளுக்குள் படிவம் கொடுங்கள், நல்ல பேப்பர்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

மூன்றாம் ஆண்டு முடிவில் 132 கிரெடிட்டோடு வெளியேறலாம், அல்லது 176 வரை நான்காம் ஆண்டும் படிக்கலாம். நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் இருந்தால் பிஎச்.டி.க்கு நேராக விண்ணப்பிக்க யு.ஜி.சி. 2022 விதிகள் இடம் தருகின்றன. ஆய்வேடு எழுதும் ஆண்டு அது. பிசிகல் சயின்ஸ்காரர்கள் ஒரு துறையில் ஆழம் தேடிக்கொள்ளக் கடைசி வாய்ப்பும் அதுவே. ஆய்வேட்டுக்கு வழிகாட்டி அந்தத் துறையில் கிடைப்பாரா என்பதை ஐந்தாம் செமஸ்டரிலேயே விசாரித்துவிடுங்கள்.

எந்தப் பட்டமானாலும், நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கான பாடத்திட்டத்தின் பி.டி.எஃப். கோப்பை, ஒவ்வொரு பேப்பரின் கிரெடிட்டும் தெரிகிற மாதிரி, சேர்ந்த அன்றே இறக்கி இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். ஆறு வருடம் கழித்து ஏதாவது தேர்வு வாரியம் ‘மேத்ஸ் எத்தனை பேப்பர் படித்தீர்கள், ஆதாரம் கொடுங்கள்’ என்று கேட்கும். அதற்குள் தளத்தில் பாடத்திட்டம் மாறியிருக்கும்.