கோட்டுக்கு வெளியே ஒரு விண்மீன்

"விண்மீனில் கார்பன் நிறைய இருந்தால் இந்த ஒளி வடிகட்டி ஏமாறாதா?" என்று மாணவி கேட்டார்.

"ஏமாறும். ஆனால் தேர்வுக் கோட்டை மாற்ற இப்போது நேரமில்லை" என்றேன். அதில் பொய் ஏதுமில்லை. பிறகு ஏன் மூன்று ஆண்டுகளாக அரித்துக்கொண்டிருக்கிறது?

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பால்வழியின் மையத்தை நோக்கினால் லட்சக்கணக்கான விண்மீன்கள். பெரும்பாலானவை இரும்பு மிகுந்தவை. சூரியனின் இரும்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத, இரும்பு பெருகுமுன் பிறந்த முதியவற்றைப் பிடிக்க எங்களிடம் இருந்தவை நானூறு கண்ணாடி இழைகள்; ஓர் இழை ஒரு விண்மீனின் ஒளியை நிறமாலைக் கருவிக்குக் கொண்டுபோகும். 395 நானோமீட்டரை ஒட்டிய கால்சியக் கோடுகளைப் பார்க்கும் வடிகட்டிதான் எங்கள் முறம். இரும்பு குறைந்த விண்மீனில் கால்சியமும் குறைவு; அந்தக் கருங்கோடுகள் மெலிந்தால் வடிகட்டியில் ஒளி கூடும். இவ்வளவு கூட வேண்டும் என்று ஒரு தேர்வுக் கோடு போட்டு, அதற்குள் வந்தவற்றுக்கே இழை. கார்பன் மிகுந்த விண்மீனிலோ கார்பன் மூலக்கூறுகளும் அங்கேயே ஒளியை விழுங்குகின்றன. பரம ஏழை பணக்காரராகத் தெரிந்து கோட்டுக்கு வெளியே போய்விடுகிறார்.

அன்றிரவு மிச்சமிருந்த ஓர் இழையை, என்னைக் கேட்காமலே, வெளியே கிடந்த ஒன்றுக்கு அவர் ஒதுக்கிவிட்டார். நிறமாலை வந்தது. 430 நானோமீட்டரில் வளைவு கிணற்றில் இறங்குவதுபோல் இறங்கியது: கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த மூலக்கூறின் பட்டை. 850-ஐ ஒட்டிய மூன்று கால்சியக் கோடுகளோ நூலாக இளைத்திருந்தன: பரம ஏழைதான். வெகுநேரம் திரையைப் பார்த்துவிட்டு, "ஒன்றை வைத்து என்ன சொல்ல முடியும்?" என்றேன். அவர் பதில் பேசவில்லை. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன்.

மையத்தில் கார்பன் மிகுந்த முதியவை குறைவு என்று கட்டுரையில் எழுதினோம். 2015-இல் ஸ்கைமேப்பர் தொலைநோக்கிப் படங்களிலிருந்து தேர்ந்த 23 விண்மீன்களின் ஆய்வும் அப்படித்தான் காட்டியது. அது துணிச்சல் தந்தது. அவர்களும் நிறத்தை வைத்தே புடைத்தவர்கள் என்பது அப்போது உறைக்கவில்லை. உறைத்திருக்கலாம், நான் ஒதுக்கியிருக்கலாம்.

உண்மையிலேயே குறைவாகவும் இருக்கக்கூடும். மையத்தில் விண்மீன்கள் விரைந்து பிறந்து, விரைந்து வெடித்து, இரும்பை வாரி இறைத்துக் கார்பனின் விகிதத்தைத் தாழ்த்தியிருக்கலாம். இந்த விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே இதன்மேல் சந்தேகமும் வருகிறது.

அடுத்த பட்டியலில் பத்து இழைகளைக் கோட்டுக்கு வெளியே வைத்திருக்கிறேன். பத்து போதுமா என்று, இப்போது வேறிடத்தில் பணிபுரியும் அவருக்கு எழுதினேன். ஒரு வரியில் பதில் வந்திருக்கிறது: "அந்தப் பத்துக்காக, உறுதியாகத் தெரிந்த எந்தப் பத்தைக் கைவிடுகிறீர்கள்?"