கையால் புதுப்பித்த சான்றிதழ்களைத் தானியங்கி முறைக்கு மாற்றிய அனுபவம்

நான் பணிபுரியும் அறக்கட்டளையின் இணையதளங்களுக்கு ஆண்டுதோறும் டிஎல்எஸ் சான்றிதழ் (தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்து, உலாவியுடனான இணைப்பை மறையாக்க உதவும் கோப்பு) வாங்கிக் கையாலேயே நிறுவி வந்தோம். சான்றிதழின் உச்ச ஆயுள் 398 நாளிலிருந்து 2026 மார்ச்சில் 200 நாளாகவும், 2027 மார்ச்சில் 100 நாளாகவும், 2029 மார்ச்சில் 47 நாளாகவும் குறையும் என்று, சான்றிதழ் வழங்குநர்களும் உலாவி நிறுவனங்களும் சேர்ந்த சிஏ/பிரவுசர் ஃபோரம் 2025 ஏப்ரலில் முடிவு செய்தபின், அந்த முறையைத் தொடர்வதில் பொருளில்லை என்று தோன்றியது. 90 நாள் சான்றிதழை இலவசமாக வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்புக்கு மாறினோம்.

முதலில் எந்தெந்தப் பெயர்களுக்குச் சான்றிதழ் இருக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது. அலுவலகப் பட்டியலை மட்டும் நம்பாமல், வழங்கப்படும் சான்றிதழ்கள் பதிவாகும் பொதுப் பதிவேடுகளில் எங்கள் டொமைனைத் தேடினேன். பழைய நிகழ்ச்சி ஒன்றின் பதிவுக்காக உருவாக்கி, பின்னர் எல்லோரும் மறந்துவிட்ட துணை டொமைன் ஒன்று அங்கேதான் கண்ணில் பட்டது. இந்தத் தேடலை யாரும் தவிர்க்கக் கூடாது என்பேன்.

டொமைன் நம்முடையதுதான் என்று மெய்ப்பிக்கும் கட்டத்தில் தான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. சாதாரணத் தளங்களுக்கு, மறையாக்கம் இல்லாத இணைப்புக்கான 80ஆம் போர்ட் வழியே ஒரு கோப்பைக் காட்டினால் போதும். ஆகவே, எல்லாம் பாதுகாப்பான இணைப்புக்கு மாறிவிட்டது என்று கருதி ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டை மூடிவிடக் கூடாது. எல்லாத் துணை டொமைன்களையும் ஒருசேர உள்ளடக்கும் வைல்ட்கார்டு சான்றிதழுக்கோ, டொமைன் பெயரைச் சர்வர் முகவரியுடன் இணைக்கும் டிஎன்எஸ் அமைப்பில் இடும் பதிவின் மூலம் மட்டுமே மெய்ப்பிக்க முடியும். அதற்காக முழு டிஎன்எஸ் கணக்கின் அணுகல் சாவியையும் வெப் சர்வரில் வைப்பது ஆபத்து, ஏனெனில் அந்தச் சர்வருக்குள் நுழைபவர் எங்கள் மின்னஞ்சலைக்கூடத் திசைதிருப்பிவிடலாம். எனவே சரிபார்ப்புக்குரிய பெயரை மட்டும், ஒரு பெயரை இன்னொரு பெயருக்குச் சுட்டும் சிநேம் பதிவு மூலம் தனியொரு டிஎன்எஸ் மண்டலத்துக்குத் திருப்பி, அந்த மண்டலத்தை மாற்றும் உரிமையை மட்டும் சர்வருக்குக் கொடுத்தோம். ஒத்திகைகளை லெட்ஸ் என்கிரிப்டின் சோதனைச் சூழலில் நடத்தியதால், உண்மையான சேவையில் சான்றிதழ் கோருவதற்குள்ள எண்ணிக்கை வரம்பு வீணாகவில்லை.

சான்றிதழைத் தானாகப் பெற்றுத் தரும் செர்ட்பாட் என்ற மென்பொருள் 90 நாள் சான்றிதழை 30 நாள் மீதமிருக்கையில் புதுப்பிக்கிறது. ஆனால் புதிய கோப்பு வட்டில் இருப்பதும் பார்வையாளரின் உலாவிக்குப் போய்ச் சேர்வதும் வேறு வேறு: எங்கள் வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸை மீளேற்றும்வரை அது நினைவகத்திலுள்ள பழைய சான்றிதழையே காட்டிக்கொண்டிருக்கும். புதுப்பிப்பு வெற்றிபெற்றதும் மீளேற்றும் கட்டளை ஓடும்படி டிப்ளாய் ஹூக் ஒன்றை அமைத்தோம்.

காலாவதி நெருங்குவதை மின்னஞ்சலில் எச்சரிக்கும் சேவையை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. ஆகவே வேறொரு கணினியிலிருந்து அன்றாடம் ஒவ்வொரு தளத்துடனும் இணைந்து, அது உண்மையில் காட்டும் சான்றிதழின் முடிவுத் தேதியைப் படிக்கும் சிறு நிரலை எழுதினேன். 20 நாளுக்குக் கீழே போனால் எங்கள் குழுவுக்கு எச்சரிக்கை வரும். 30 நாளிலேயே நடந்திருக்க வேண்டிய புதுப்பிப்பு நடக்கவில்லை என்பதை, சரிசெய்யப் போதிய அவகாசத்துடன் அது தெரிவித்துவிடுகிறது.

கடைசியாக, மறக்கப்பட்ட அந்தத் துணை டொமைனின் சர்வரை நிறுத்தி, அதன் சான்றிதழுக்குரிய இரகசியத் தனித் திறவுகோலை அழித்து, இன்னும் ஆயுள் மீதமிருந்த சான்றிதழைத் திரும்பப் பெறச் செய்தோம். எங்கள் பெயரில் லெட்ஸ் என்கிரிப்ட் தவிர வேறெவரும் சான்றிதழ் வழங்கலாகாது என்று சிஏஏ பதிவையும் டிஎன்எஸ்ஸில் சேர்த்துவிட்டோம்.