ஊமை இல்லாத ஊமைப் பாம்பு

தென் அமெரிக்க மழைக்காட்டு புஷ்மாஸ்டர் என்ற நச்சுப் பாம்பைப் பற்றி எவ்வளவு படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே வெப்பத்தை உணரும் குழி உள்ள விரியன்களை, அதாவது குழிவிரியன்களை எடுத்துக்கொண்டால், அவற்றிலேயே நீளமானது இதுதான், 3 மீட்டர் வரை வளரும். 1766-இல் ஸ்வீடன் நாட்டு உயிரியல் அறிஞர் லின்னேயஸ் இதைக் கிலுகிலுப்பைப் பாம்புகளோடு சேர்த்து, லத்தீனில் ‘ஊமை’ என்று பெயர் வைத்துவிட்டார். வாலில் கிலுகிலுப்பை கிடையாது, அதனால்தான். ஆனால் சீண்டிப் பார்த்தால் வால் நுனி சருகின்மேல் படபடவென்று அடிக்கும், நன்றாகவே காதில் விழும். இதைப் போய் ஊமை என்பது அநியாயம்!

அப்புறம் 1803-இல் வந்த பேரினப் பெயர் லாக்கெசிஸ். கிரேக்கப் புராணத்தில் மனிதரின் ஆயுள் நூலை அளக்கும் தேவதை அவள். கடியின் கொடுமைக்கு அது பொருத்தம்தான். அமெரிக்கக் கண்டங்களின் குழிவிரியன்கள் பெரும்பாலும் குட்டி போடும். இதுவோ முட்டையிட்டு, அதைச் சுற்றிச் சுருண்டு காவல் கிடக்கும்.