அப்பாவின் இறப்புச் சான்றிதழ் கடலூரில் கிடைக்காது

அப்பா போன வருடம் ஆவணி மாதம் தவறினார். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஆனால் உயிர் போனது புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில். நம் ஊர்க்காரர்கள் பாதிப்பேர் பெரிய வைத்தியம் என்றால் பாண்டிக்குத்தான் ஓடுகிறோம், அதனால் எனக்கு நடந்தது உங்கள் வீட்டிலும் நடக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கருமாதி முடிந்ததும் சான்றிதழுக்காகத் தமிழ்நாடு அரசின் பிறப்பு இறப்புப் பதிவு இணையதளத்தைத் திறந்தேன். பணம் எதுவும் இல்லாமல் அதிலேயே பதிவிறக்கம் செய்யலாம் என்று தெரியும். தேதி, பாலினம், இடம் என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன், பெயர் வரவே இல்லை. மூன்று நாள் இப்படியே போனது. அப்புறம் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு இ-சேவை மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணே, அப்பா எங்க இறந்தாரு?" பாண்டி என்றேன். "அப்ப இதுல வராதுண்ணே, அங்கதான் வாங்கணும்."

விஷயம் இதுதான். 1969ஆம் வருடப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பும் இறப்பும் எங்கே நடந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடம்தான் பதிவாகும், நாம் குடியிருக்கும் ஊர் கணக்கில் இல்லை. எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டிவிட்டால் அது வேறு அரசு, வேறு பதிவேடு. அதிலும் பாண்டி முழுவதும் ஒரே அலுவலகம் கிடையாது. டவுனுக்குள் என்றால் புதுச்சேரி நகராட்சி, கோரிமேடு ஜிப்மர் என்றால் உழவர்கரை நகராட்சி, கடலூர் ரோட்டில் கிருமாம்பாக்கம் பக்கம் என்றால் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போதே "எந்த அலுவலகத்துக்கு ரிப்போர்ட் அனுப்புவீங்க?" என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலைமையில் யாருக்கும் தோன்றாது, எங்களுக்கும் தோன்றவில்லை. அதனால் கூட வரும் சொந்தக்காரர் ஒருவரிடம் இந்த வேலையை ஒப்படைத்துவிடுங்கள்.

சரி, அலுவலகத்தைக் கண்டுபிடித்துச் சான்றிதழ் வாங்கினால் அதில் அப்பா பெயர் 'மணி'. ஆதாரில், ரேஷன் கார்டில், வீட்டுப் பத்திரத்தில் எல்லாம் சுப்பிரமணியன். ராத்திரி இரண்டு மணிக்கு அட்மிஷன் போடும்போது பெயர் கேட்டிருக்கிறார்கள், சித்தப்பா ஊரே கூப்பிடும் பெயரைச் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த நேரத்தில் அவர்தான் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினார். ஆனால் அட்மிஷன் சீட்டில் விழுந்த பெயர்தான் கேஸ் ஷீட்டுக்குப் போகிறது, அங்கிருந்து இறப்பு ரிப்போர்ட்டுக்குப் போகிறது, கடைசியில் பதிவேட்டில் ஏறிவிடுகிறது.

திருத்தலாம், அதே சட்டத்தில் 15ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. அப்பாவின் அடையாள அட்டை நகல்கள், இரண்டு பெயரும் ஒருவரே என்று நான் எழுதிக்கொடுத்த உறுதிமொழி, விவரம் தெரிந்த இரண்டு பேரின் வாக்குமூலம், எல்லாம் சேர்த்துக் கொடுத்தேன். பதிவேட்டில் ஏற்கெனவே எழுதியதை அடிக்கவோ அழிக்கவோ மாட்டார்கள், ஓரத்தில் திருத்தத்தை எழுதித் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பார்கள். இதற்காக மட்டும் நான்கு தடவை கடலூரிலிருந்து பஸ் ஏறினேன்.

வாரிசுச் சான்றிதழ் மறுபடி நம் ஊர் வேலை, ஏனென்றால் அப்பா குடியிருந்தது இங்கே. இ-சேவையில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), கடைசியில் தாசில்தார் என்று கோப்பு நகரும், எங்கே நிற்கிறது என்று விண்ணப்ப எண்ணைப் போட்டு வீட்டிலிருந்தே பார்க்கலாம். இதில் நான் தவறவிட இருந்தது ஒன்று: பாட்டி. அம்மா, நான், தங்கை என்று மூன்று பெயரோடு முடித்திருந்தேன். விஏஓதான் "உங்க அப்பாவோட அம்மா இருக்காங்களா தம்பி?" என்று கேட்டார். இருக்கிறார், வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன் சொத்தில் அவருக்கும் பங்கு உண்டு. கல்யாணமாகிப் போன தங்கைக்கும் அப்படியே. பெயரை விட்டுவிட்டால் பின்னால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும், அதைவிட முக்கியம், அது அவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

சொத்து வரியில் பெயர் மாற்றம் எனக்குச் சுலபமாகவே முடிந்தது. கடலூர் 2021லேயே மாநகராட்சி ஆகிவிட்டது, வரியை இணையத்திலேயே கட்டலாம். பாக்கி இல்லாத ரசீது, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்றவர்களின் சம்மதக் கடிதம் கொடுத்து அம்மா பெயருக்கு மாற்றினோம். அரையாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 30க்குள் கட்டினால் 5 சதவீதம் கழிவு உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். வரி ரசீதில் பெயர் மாறிவிட்டதால் வீடு அம்மாவுக்கு ஆகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், அது வரி கட்டுகிறவரின் பெயர் மட்டும்தான். உரிமை வேண்டுமென்றால் மற்ற வாரிசுகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும், பட்டாவும் மாற்ற வேண்டும்.

அந்தப் பத்திர வேலை எங்களுக்கு இன்னும் பாக்கி. பாட்டியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரேகை வைக்கச் சொல்ல வேண்டும், அவருக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறையட்டும் என்று காத்திருக்கிறோம்.